மடலில் மேற்கோள் காட்டுவதும் வரி மடக்குவதும்

கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரர்கள் மூன்று பேருக்குள் மின்மடல் போய்வருகிறது என்று வையுங்கள். மூன்றாவது மடல் இப்படி இருக்கும்:

>> பாபநாசம் அணை நிறைந்தால் 118 அடிதானே?
> அது மணிமுத்தாறு. பாபநாசம் 143 அடி.
சரி, அப்போ கார் நடவுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்.

இரண்டு குறி போட்டது முதல் ஆள் சொன்னது. ஒரு குறி அவருக்குப் பதில் சொன்னவருடையது. குறியே இல்லாதது இப்போது எழுதுகிறவருடையது. முதல் வரியில் குறி போய்விட்டால் 118 என்று சொன்னது நீங்கள்தான் என்றாகிவிடும்.

குறியை யாரும் வேண்டுமென்று அழிப்பதில்லை, வரி மடங்கும்போது அதுவாகவே போகிறது. மின்மடலுக்கான விதியான ஆர்.எஃப்.சி. 5322, ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்கிறது. அதனால் பல மடல் நிரல்கள் 72லோ 76லோ வரியை வெட்டிவிடும். பதில் எழுதும்போது முன்னால் ஒரு குறியும் இடைவெளியும் சேர்வதால் 76 இருந்த வரி 78 ஆகும். அடுத்த பதிலில் அதையும் தாண்டும். அனுப்பும் நேரத்தில் நிரல் மறுபடி வெட்ட, மிஞ்சின சொல் கீழே தனியாக விழும்:

> கன்னடியனில் திறந்த தண்ணீர் இன்னும் கடைமடைக்கு வந்து
சேரவில்லை.
> மதகைப் பார்க்கணும்.

இப்போது மேற்கோளில் தண்ணீர் 'வந்து' என்று நிற்கிறது, 'சேரவில்லை' உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

சரிசெய்ய: தனியாக விழுந்த சொல்லுக்கு முன்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் அடித்து மேல் வரியோடு சேருங்கள். பிறகு பாதி வரியில் ஒரு இடைவெளி பார்த்து என்டர் அடியுங்கள். புது வரியின் தலையில் குறியைக் கையால் போடுங்கள்; பெரும்பாலும் மறப்பது இதைத்தான். தண்டர்பேர்ட் என்ற மடல் நிரலில் வெறும் எழுத்து மடலாக எழுதினால் இந்தப் பாடு வேண்டாம். கன்ட்ரோல்+ஆர் அடித்தால் குறிகளோடு சேர்த்து ஒழுங்காக மடக்கிக்கொடுக்கும். வேறெங்கிருந்தோ எடுத்ததை மேற்கோளாக ஒட்ட கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ.

தமிழுக்கென்று தனியாக ஒரு வம்பு உண்டு. 'திருநெல்வேலி' நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினி எழுத்துக்கான பொது முறையான யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 12. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் அலகு) என்று 36. பைட்டை எண்ணி 72ல் வெட்டும் பழைய நிரலில் ஒரு வரிக்கு இரண்டு திருநெல்வேலிகூடச் சேர்ந்து நிற்காது, நடு இடைவெளியோடு 73 ஆகிவிடும். வெட்டு எழுத்துக்கு நடுவில் விழுந்தால் இன்னும் மோசம்: 'கொ'வின் க மேலே நிற்க, கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு அடுத்த வரியில் வந்து உட்காரும். அமைப்பில் 'எழுத்தில் மடக்கு', 'சொல்லில் மடக்கு' என்று இரண்டு இருந்தால் சொல்லையே எடுங்கள். சொற்களைச் சேர்த்தே எழுதும் பழக்கம் இருந்தால் பிரிக்கத் தகுந்த இடத்தில் பிரித்து எழுதுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெற்று இடைவெளியை நடுவில் செருகும் தந்திரம் வேண்டாம். பிறகு தேடினால் அந்தச் சொல் கிடைக்காது.

உங்கள் சொந்தப் பத்தியில் வரிக்கு வரி என்டர் அடிக்காதீர்கள், படிப்பவர் திரையே மடக்கிக்கொள்ளும். ஒன்று மட்டும் பார்க்கணும்: ஒரு வரி 998ஐத் தாண்டக் கூடாது என்பது கட்டாய விதி. பைட் கணக்கில் அது திருநெல்வேலி அளவுச் சொற்கள் இருபத்தேழு. இப்போதைய நிரல்கள் மடலை வேறு குறியீட்டுக்கு மாற்றிச் சின்ன வரிகளாக அனுப்புவதால் இது இடிப்பதில்லை. பழைய நிரலில் எழுதுகிறவர் பத்தியைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம்.

வரி மடங்கிக் குறி போகும் சிக்கலுக்கு 2004ல் வந்த ஆர்.எஃப்.சி. 3676 ஒரு வழி சொன்னது. வரிக் கடைசியில் ஒரு இடைவெளி இருந்தால் 'இது முடியவில்லை, அடுத்ததோடு சேர்' என்று பொருள். அந்த முறையில் குறிகளை >> என்று ஒட்டியே போடணும். நடுவே இடைவெளி விட்டால் இரண்டு குறி இருந்தும் மேற்கோள் அடுக்கு ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

வந்த மடல் முழுவதையும் இழுத்துக்கொண்டு போவது மரியாதை இல்லை. எந்த வரிக்குப் பதிலோ அதை மட்டும் வைத்து, அதற்குக் கீழே எழுதுங்கள். தண்டர்பேர்டில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரிப்ளை அழுத்தினால் அது மட்டும்தான் வரும். மேலே 'இன்னார் எழுதியது' என்ற வரியை அழிக்காதீர்கள். அழித்தால் குறி இருந்தும் யாருடையது என்று தெரியாது.

வாட்ஸப்பில் வரித் தலையில் > குறியும் ஒரு இடைவெளியும் போட்டால் மேற்கோளாக நிற்கும். இடைவெளி விடாவிட்டால் வெறும் குறியாகவே தெரியும். அங்கே சொன்னவர் பெயரைக் கையால் எழுதிவிடுங்கள்.