ஒருவர் எழுதியதை அடுத்தவர் படிக்காத சிகிச்சை: காது மந்தத்திலும் தலைசுற்றலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சிக்குக் காது மந்தமாகி, கூடவே தலையும் சுற்றினால், அவரை நான்கைந்து பேர் பார்க்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை தரும் பொது மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட், காது மெஷின் விற்பவர், பிசியோதெரபிஸ்ட். மதுரைக்குப் போனால் நரம்பு மருத்துவரும் சேர்ந்துகொள்வார். ஒவ்வொருவரும் தம் பங்கை ஒழுங்காகச் செய்தும் ஆச்சிக்குக் குணம் தெரியாமல் போகிறது. ஒருவர் கண்டறிந்தது அடுத்தவர் கைக்குப் போய்ச் சேராததே அதற்கு முக்கியக் காரணம் என்பேன்.

முதல் தவறு, காதைப் பார்க்கும் முன்பே மெஷின் வாங்குவது. குறும்பி அடைத்திருக்கலாம், செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம், சீழ் வடியலாம். இவற்றுக்கு முதலில் வேண்டியது சிகிச்சை. ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாகியிருந்தால் செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். திடீரென ஓரிரு நாளில் ஒரு காது கேட்காமல் போனால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். கோயில் திருவிழா முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இப்படிப்பட்டவர் நேராகக் கடைக்கு வந்தால், விற்பனையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் திருப்பி அனுப்புவது கடைக்காரரின் கடமை.

மருத்துவர்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. ஆடியாலஜிஸ்டை வெறும் டெஸ்ட் எடுப்பவராக நினைப்பது. அது நான்காண்டுப் பட்டப்படிப்பு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தே அவர்கள் தொழில் செய்ய முடியும். அவர்களிடம் ‘ஆடியோகிராம் தேவை’ என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் செவித்திறன் வரைபடம் மட்டுமே திரும்பி வரும். என்ன சந்தேகத்துக்காக அனுப்புகிறோம் என்று எழுதினால் பதிலும் அதற்கேற்றபடி வரும். ஆடியாலஜிஸ்டும் தம் கருத்தை நாலு வரி எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் வீடு. மெஷினின் அளவுகளைச் சரிசெய்வது ஒலி எதிரொலிக்காத சின்ன அறையில். ஆச்சி வாழ்வதோ ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும், உயரமான கூரையும் கொண்ட பெரிய வீட்டில். அங்கே ஒவ்வொரு சொல்லும் சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லோடு கலந்துவிடுகிறது. பட்டாலை எனும் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டிலிருந்து கூப்பிடும் குரல், எவ்வளவு விலையுயர்ந்த மெஷின் வைத்தாலும் தெளிவாக விழாது. மெஷின் சரியில்லை என்று முடிவுகட்டி அதைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். வீடு எப்படிப்பட்டது, யாரோடு பேசுகிறார், எங்கே கேட்கவில்லை என்று ஆடியாலஜிஸ்ட் கேட்க வேண்டும். குடும்பத்தார் கேட்காமலேயே சொல்ல வேண்டும். மெஷினில் மாற்றம் செய்ய இரண்டு மூன்று முறையாவது திரும்பப் போக வேண்டியிருக்கும். அருகில் வந்து முகம் பார்த்துப் பேசும் பழக்கம் வீட்டிலுள்ளவர்களுக்கும் வேண்டும்.

தலைசுற்றலில் நடக்கும் தவறு வேறு வகை. படுக்கையில் புரளும்போதோ எழும்போதோ சில விநாடிகள் மட்டும் உலகமே சுழல்கிறது என்றால், உட்காதில் உள்ள நுண்ணிய கால்சியம் படிகங்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கலாம். அதைக் கண்டறியும் டிக்ஸ்–ஹால்பைக் சோதனை 1952ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. படிகங்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தும் எப்லி முறைக்குக் கட்டிலும் பழகிய கைகளும் போதும். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சுற்றல் நின்றுவிடுகிறது. ஆனால் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரேயைக் காட்டி, மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குபவர்கள் எத்தனை பேர்! வேறு காரணத்தால் உட்காதின் சமநிலை பாதிக்கப்பட்டிருந்தால், மயக்கம் தரும் அந்த வகை மாத்திரைகளை நெடுநாள் தொடர்வது மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதைத் தாமதப்படுத்தும். ஒருபக்கம் பிசியோதெரபிஸ்ட் சமநிலைப் பயிற்சி தர, மறுபக்கம் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் பயிற்சியின் பலன் குறையும். மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று அவரும் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். வீட்டின் உயரமான படிகளையும் நிலைப்படிகளையும் பற்றி அவரிடம் சொல்லுங்கள், பயிற்சி அதற்கேற்ப அமையும். சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, ஒரு பக்கம் பலமிழந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் காலம் இன்னும் குறைவு. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளான்ட் எனும், உட்காதில் பொருத்தும் கேட்புக் கருவி கிடைக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது பெருந்தவறு. கருவியைச் சீரமைக்கும் ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், அங்கன்வாடி ஆசிரியர், தாய் எல்லோரும் ஒரே இலக்கோடு ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

காசநோய்க்கு அமிகேசின் ஊசியோ, புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டினோ போட்டுக்கொள்பவர்களுக்கு, அவை காதைப் பாதிக்கக்கூடும் என்பதால், தொடங்கும் முன்பும் இடையிலும் செவிச்சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போதைக்குக் குடும்பத்தார் கையில் உள்ள வழி ஒரு நோட்டுப் புத்தகம். தேதியிட்ட எல்லா ஆடியோகிராமும், மாத்திரைப் பட்டியலும், யார் என்ன சொன்னார் என்பதும் அதில் இருக்கட்டும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் மகனுக்குப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, புத்தகத்தை ஆச்சியோடு ஒவ்வொரு மருத்துவரிடமும் கொண்டுபோங்கள். முந்தையவர் எழுதியதைப் படித்த பிறகே ஆச்சியைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள்.