கிளை அலுவலக டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட்: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளை அலுவலகத்தில் 40 கணினிகள். தலைமை அலுவலகத்துக்கு 10 எம்பிபிஎஸ் இணைப்பு. 5 ஜிபி அளவுள்ள விண்டோஸ் மேம்படுத்தலை ஒவ்வொரு கணினியும் தனித்தனியே இழுத்தால் 200 ஜிபி ஆகிறது. மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இணைப்பு முழுவதையும் அதற்கே விட்டாலும் 44 மணி நேரத்தைத் தாண்டும். அதையே ஒரே ஒரு தடவை கொண்டுவந்து, மீதியைக் கிளைக்குள்ளேயே பங்கிட்டால் 67 நிமிடத்தில் இணைப்பு விடுபட்டுவிடும். நிறுவனக் கணினிகளுக்கு மென்பொருள் அனுப்பி நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் கான்ஃபிகரேஷன் மேனேஜரில், உள்ளடக்கத்தை வாங்கி வைத்துக் கணினிகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட், அதாவது பேச்சுவழக்கில் டிபி, இருப்பதே இதற்காகத்தான்.

டிபிக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் வன்பொருள் மிகச் சாதாரணமானது: 2 கோர், 8 ஜிபி ரேம். வட்டு எவ்வளவு என்ற இடத்தில் எண்ணே இல்லை; இயங்குதளத்துக்கும் நீங்கள் அனுப்பப்போகும் உள்ளடக்கத்துக்கும் வேண்டிய அளவு என்றுதான் இருக்கும். கோரையும் ரேமையும் சரிபார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று பட்டியலை மூடிவிடுவதுதான் முதல் தவறு. சிக்கல் வருவது எந்த இயங்குதளம், அதில் எந்தப் பதிப்பு, எந்த வசதி, எந்தத் தேதி வரை என்ற நான்கும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்.

பழைய டெஸ்க்டாப்பை டிபியாக்குவது

சர்வர் வாங்கக் கிளைக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். மூலையில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பில் டிபியை நிறுவலாமா என்றால், நிறுவலாம். விண்டோஸ் 10, 11 போன்ற கிளையண்ட் இயங்குதளத்தில் டிபி ஆதரவு பெற்ற அமைப்புதான். ஆனால் சர்வரில் கிடைக்கும் எல்லாம் இங்கே கிடைக்காது. நெட்வொர்க் வழியாக விண்டோஸை நிறுவ உதவும் விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ் (டபிள்யூடிஎஸ்) கிளையண்ட் இயங்குதளத்தில் இல்லை. ஆகவே ஒரே அனுப்புதலைப் பல கணினிகள் ஒரே நேரத்தில் பெறும் மல்டிகாஸ்ட்டும் இல்லை. நெட்வொர்க் வழியாகக் கணினியைத் தொடங்கும் பிஎக்ஸ்இ பூட் வேண்டுமானால், கான்ஃபிகரேஷன் மேனேஜரின் 1806 வெளியீட்டிலிருந்து வந்த, டபிள்யூடிஎஸ் தேவைப்படாத பிஎக்ஸ்இ ரெஸ்பாண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உரிம வரம்பை யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸ் கிளையண்டின் உரிம விதிப்படி கோப்புப் பகிர்வு, ஐஐஎஸ் (விண்டோஸின் வலைச் சர்வர்) போன்ற சேவைகளுக்காக அதனுடன் 20 சாதனங்கள் வரைதான் இணையலாம். ஒரு டிபி 4,000 கிளையண்ட்கள் (அதிலிருந்து உள்ளடக்கம் பெறும் கணினிகள்) வரை தாங்கும் என்று ஆவணத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, அதே எண் டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். மேலே சொன்ன 40 கணினிக் கிளைக்கு அந்த டெஸ்க்டாப் பொருந்தாது. 12, 15 பேர் இருக்கும் கிளை என்றால் தாராளமாகச் செய்யலாம்.

இன்னொன்று தேதி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மூலையில் கிடந்த அந்த டெஸ்க்டாப் பழையது என்பதால் அநேகமாக அதில் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு) இருக்காது, செயலியும் விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் வராது. சும்மா கிடைத்த பெட்டியை நம்பி 30 கிளைகளில் அமைத்துவிட்டால், பிறகு 30 பெட்டிகளையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிவரும். சர்வர் பக்கமும் இதே கதைதான்: விண்டோஸ் சர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்கும் நீட்டித்த ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்று முடிந்தது. பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே அதன் இயங்குதளத்தின் கடைசித் தேதியை இருப்புப் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள்.

கணினியின் பெயரை முதலிலேயே முடிவு செய்யுங்கள். டிபி உட்பட எந்தச் சைட் சிஸ்டம் பொறுப்பையும் (கான்ஃபிகரேஷன் மேனேஜர் ஒரு கணினிக்குத் தரும் வேலை) நிறுவிய பிறகு கணினிப் பெயரையோ டொமைனையோ மாற்றுவதற்கு ஆதரவு கிடையாது. தற்காலிகப் பெயரில் நிறுவி, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால், பொறுப்பை நீக்கிவிட்டு உள்ளடக்கம் முழுவதையும் அதே 10 எம்பிபிஎஸ் குழாய் வழியே மறுபடி அனுப்ப வேண்டியதாகிவிடும்.

வட்டுக் கணக்கு

டிபி உள்ளடக்கத்தைக் கன்டென்ட் லைப்ரரி என்ற இடத்தில் வைக்கிறது. ஒரே கோப்பு பத்து பேக்கேஜில் (அனுப்பும் மென்பொருள் தொகுப்பு) இருந்தாலும் அங்கே ஒரு பிரதிதான் இருக்கும். அதனால் மூலக் கோப்புறைகளின் அளவைக் கூட்டிப் போட்டால் கணக்கு சற்று மிகையாகவே வரும். மிகையாக இருக்கட்டும் என்று விடலாம்தான்; ஆனால் எதிர்த்திசையில் இழுக்கும் விஷயங்கள் உண்டு. பேக்கேஜின் பண்புகளில், உள்ளடக்கத்தைப் பேக்கேஜ் ஷேருக்கும் (பகிர்வுக் கோப்புறை) நகலெடு என்ற தேர்வை யாராவது டிக் செய்திருந்தால் அதே உள்ளடக்கம் லைப்ரரியில் ஒன்று, ஷேரில் ஒன்று என இரண்டாகிவிடும். பழைய ஸ்கிரிப்ட் ஒன்று நேரடியாக ஷேரிலிருந்து கோப்பைப் படிப்பதற்காக எப்போதோ போட்ட டிக், ஸ்கிரிப்ட் போன பிறகும் அப்படியே இருக்கும்.

டிரைவ் தேர்வில் நடக்கும் தவறு இன்னும் மோசமானது. டிபி நிறுவும் விஸார்டில் டிரைவைத் தானாகத் தேர்ந்தெடு என்று விட்டுவிட்டால், அந்த நேரத்தில் அதிகக் காலியிடம் உள்ள டிரைவை அது எடுத்துக்கொள்ளும். பேக்கப்புக்காக யாரோ 2 டெராபைட் வட்டு ஒன்றை மாட்டியிருந்தால் லைப்ரரி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எந்த டிரைவைத் தொடக்கூடாதோ அதன் வேரில், ‘நோ எஸ்எம்எஸ் ஆன் டிரைவ்’ என்ற சொற்களை அடிக்கோடுகளால் இணைத்து, எஸ்எம்எஸ் என்ற நீட்சியோடு ஒரு வெற்றுக் கோப்பை வையுங்கள். டிபியை நிறுவுவதற்கு முன்பே வைக்க வேண்டும். நிறுவிய பிறகு வைத்தால் ஏற்கெனவே அங்கே போன லைப்ரரி தானாக இடம் மாறாது. கன்டென்ட் லைப்ரரி டிரான்ஸ்ஃபர் என்ற தனிக் கருவியைக் கொண்டுதான் மாற்ற வேண்டும். விஸார்டில் காலியிட ஒதுக்கீடு என்று ஒரு பெட்டியும் இருக்கும். இயல்பாக அதில் இருப்பது வெறும் 50 எம்பி. சி டிரைவிலேயே லைப்ரரி இருந்தால் அந்த 50ஐ நம்பாதீர்கள், சில ஜிபிகளாக ஏற்றுங்கள்.

வட்டில் திரும்பத் திரும்ப வரும் தரவை ஒன்றாக்கி இடம் மிச்சப்படுத்தும் டேட்டா டிடூப்ளிகேஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. டிபியின் லைப்ரரி இருக்கும் வால்யூமில் அதை இயக்கலாம், ஆதரவு உண்டு. பேக்கேஜின் மூலக் கோப்புகள் இருக்கும் வால்யூமில் இயக்கக் கூடாது. டிடூப்ளிகேஷன் கோப்புகளை ரீபார்ஸ் பாயிண்டாக (தரவு வேறிடத்தில் இருப்பதைச் சுட்டும் குறியாக) மாற்றிவிடும். அப்படிப்பட்ட கோப்புகளைக் கான்ஃபிகரேஷன் மேனேஜர் மூலக் கோப்புகளாக ஏற்பதில்லை. சேமிப்பகத்தைப் பார்க்கும் குழுவும் கான்ஃபிகரேஷன் மேனேஜரைப் பார்க்கும் குழுவும் வேறு வேறாக இருக்கும் இடங்களில் இந்த விதி எளிதில் மீறப்படும்.

கிளையண்ட் பக்கமும் வட்டுத் தேவை உண்டு. பதிவிறக்கிய உள்ளடக்கம் தங்கும் கிளையண்டின் கேஷ் இயல்பாக 5,120 எம்பி. ஒரே பேக்கேஜ் அதைவிடப் பெரியதாக இருந்தால் பதிவிறக்கம் தொடங்கவே தொடங்காது. வட்டில் 200 ஜிபி காலியிடம் இருந்தாலும் இதுதான் நிலை. சட்டென்று புலப்படாத வடிவம் ஒன்றும் இருக்கிறது. காலையில் 3 ஜிபி மென்பொருள் ஒன்று போகிறது, மாலையில் 4 ஜிபி இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் கேஷுக்குள் அடங்கும். ஆனால் கேஷில் வந்த உள்ளடக்கத்தை நீக்கும் முன் காத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நேரம் இயல்பாக 1,440 நிமிடம். காலையில் வந்தது மறுநாள் காலை வரை நகராது. மாலையில் வருவதற்கு இடம் போதாது. இரண்டு விநியோகத்துக்கும் இடையே ஒரு நாள் விடுங்கள், அல்லது கிளையண்ட் அமைப்பில் கேஷை 15, 20 ஜிபிக்கு ஏற்றுங்கள்.

ஐஐஎஸ் மறுக்கும் கோப்புகள்

டிபிக்கு ஐஐஎஸ் வேண்டும் என்று பட்டியலில் இருக்கும். நிறுவினால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. ஐஐஎஸ்ஸின் ரிக்வெஸ்ட் ஃபில்டரிங் சில நீட்சிகளையும் சில கோப்புறைப் பெயர்களையும் இயல்பாகவே மறுத்துவிடும். ‘பின்’ (bin) என்ற கோப்புறை அப்படிப்பட்டது. அக்சஸ் தரவுத்தளத்தின் எம்டிபி நீட்சியும் அப்படியே. நிரலாளர்கள் தரும் மென்பொருளில் ‘பின்’ கோப்புறை இல்லாமல் இருப்பதே அபூர்வம். பெயரில் கூட்டல் குறி உள்ள கோப்புகளும் மாட்டிக்கொள்ளும். சி++ நூலகக் கோப்புகள் பலவற்றின் பெயரிலேயே இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும்.

இதைத் தேடிக் கண்டுபிடிக்க ஆகும் நேரம்தான் வேதனை. கன்சோலில் உள்ளடக்கம் டிபிக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பச்சையில் காட்டும். உள்ளடக்கச் சரிபார்ப்பும் வெற்றி என்று சொல்லும், ஏனென்றால் கோப்பு வட்டில் உண்மையாகவே இருக்கிறது. கிளையண்ட் மட்டும் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தில் நின்றுவிடும். கிளையண்டில் டேட்டா டிரான்ஸ்ஃபர் சர்வீஸ் பதிவைத் திறந்தால் 80190194 என்று முடியும் பிழை எண் தெரியும். விண்டோஸின் பின்னணிப் பதிவிறக்கச் சேவையான பிட்ஸின் மொழியில் அது எச்டிடிபி 404. அடுத்து டிபியின் ஐஐஎஸ் பதிவுக்குப் போங்கள். அங்கே 404க்குப் பக்கத்துப் பத்தியில் இருக்கும் துணை எண்தான் உண்மையைச் சொல்லும். 7 என்றால் கோப்பு நீட்சி மறுக்கப்பட்டது. 8 என்றால் மறைக்கப்பட்ட கோப்புறைப் பெயர். 11 என்றால் கூட்டல் குறி போன்றவற்றால் வரும் டபுள் எஸ்கேப்பிங் மறுப்பு.

காரணம் தெரிந்த பிறகு அந்த ஒன்றை மட்டும் திறங்கள். ஃபில்டரிங் முழுவதையும் அணைத்துவிடுவது சர்வரின் பாதுகாப்பைத் தளர்த்தும் செயல், அதே ஐஐஎஸ்ஸில் வேறு வலைச் செயலிகள் ஓடினால் இன்னும் ஆபத்து. முடிந்த இடங்களில் மூலக் கோப்புறையை ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்பி, கிளையண்டில் பிரித்துக்கொள்வது இதைவிடச் சுத்தமான வழி. ஐஐஎஸ்ஸைத் தொடவே வேண்டாம்.

சிறியவை, ஆனால் நிறுத்திவிடுபவை

கான்ஃபிகரேஷன் மேனேஜரின் தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் சர்வரில் ‘எஸ்க்யூஎல் லத்தீன்1 ஜெனரல் சிபி1 சிஐ ஏஎஸ்’ என்ற கொலேஷன்தான் (எழுத்துகளை வரிசைப்படுத்தி ஒப்பிடும் விதி) வேண்டும். சீனாவின் எழுத்துக்குறித் தரநிலையைப் பின்பற்ற வேண்டிய இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. எஸ்க்யூஎல் நிறுவும் முன் இதைப் பாருங்கள், ஏனென்றால் பிறகு மாற்றுவது கிட்டத்தட்ட மறுபடி நிறுவுவதற்குச் சமம். சைட் சர்வரிலிருந்து (கான்ஃபிகரேஷன் மேனேஜரின் மையச் சர்வர்) டிபிக்கு 445 போர்ட்டை மட்டும் திறந்தால் போதாது. 135ம், வேறு கணினியில் செயல்களை இயக்கும் ஆர்பிசி பயன்படுத்தும் 49152 முதல் 65535 வரையிலான போர்ட்களும் வேண்டும். லினக்ஸ் கிளையண்ட் ஆதரவு 1902 வெளியீட்டோடும், மேக் ஆதரவு 2022 டிசம்பர் 31உடனும் முடிந்தன. பழைய திட்ட ஆவணத்தை நகலெடுத்து, எல்லாத் தளங்களுக்கும் ஒரே கருவி என்று எழுதிவிடாதீர்கள்.

புல் டிபி எனப்படும், உள்ளடக்கத்தைத் தானே இழுத்துக்கொள்ளும் வகைக்கு வேகக் கட்டுப்பாட்டையும் நேர அட்டவணையையும் கன்சோலில் அமைக்க முடியாது. அந்தக் கணினியில் பிட்ஸ் அமைப்பை வைத்துத்தான் கட்டுப்படுத்த வேண்டும். மெல்லிய இணைப்புள்ள கிளைக்குப் புல் டிபியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணினிகளே பகிர்ந்துகொள்ளும் முறையில்

கிளைக்குள் டிபியே இல்லாமல், பதிவிறக்கியதைக் கணினிகள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும் விண்டோஸ் வசதிகளான பிராஞ்ச்கேஷ், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஆகியவற்றை நம்பும் கிளைகளும் உண்டு. பிராஞ்ச்கேஷில் பதிப்பைப் பாருங்கள். எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் முழு வசதி உண்டு. விண்டோஸ் 10 ப்ரோவில் பிட்ஸ் வழியாக வருவதற்கு மட்டும். கான்ஃபிகரேஷன் மேனேஜர் கிளையண்ட் பிட்ஸைத்தான் பயன்படுத்துகிறது என்பதால் ப்ரோவிலும் அது ஓடும், ஆனால் பகிர்வுக் கோப்புறையிலிருந்து எடுப்பதற்கு உதவாது. சர்வரில் பெயரால் குழப்பும் இரண்டு உருப்படிகள் உண்டு: ‘பிராஞ்ச்கேஷ்’ என்பது ஒன்று, ‘நெட்வொர்க் கோப்புகளுக்கான பிராஞ்ச்கேஷ்’ என்பது இன்னொன்று. அந்தக் கிளைக்கு வெளியிலிருந்து உள்ளடக்கம் தரும் டிபிக்கு வேண்டியது முதலாவது. ஃபயர்வாலில் டிசிபி 80ஐத் திறந்துவிட்டு, ஒருவரையொருவர் கண்டுபிடிக்கப் பயன்படும் யூடிபி 3702ஐ மறந்தால் எல்லாக் கணினியும் தனியாளாகவே நிற்கும். தனிக் கேஷ் சர்வர் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டட் முறையில் அந்தத் தேடல் ஒரு சப்நெட்டுக்குள்தான் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) நடக்கும்; மாடிக்கு ஒரு சப்நெட் என்றால் மாடிக்கு ஒரு தடவை பதிவிறக்கம் நடக்கும்.

டெலிவரி ஆப்டிமைசேஷனுக்குத் தனித் தேவைகள் உண்டு. இயல்பு அமைப்பில் 4 ஜிபி ரேமும் 32 ஜிபி வட்டும் இல்லாத கணினி பகிர்வில் சேராது. பகிர்வுக்கு டிசிபி 7680 திறந்திருக்க வேண்டும். இதிலெல்லாம் தேறிய பிறகும் ஒரு குழி இருக்கிறது. இதன் லேன் முறை, வெளியே தெரியும் பொது ஐபி ஒன்றாக இருக்கும் கணினிகளை ஒரே லேன் என்று எடுத்துக்கொள்கிறது. எல்லாக் கிளைகளும் தலைமை அலுவலகத்தின் ஒரே கேட்வே வழியாக இணையத்துக்குப் போகும் நிறுவனத்தில், திருநெல்வேலிக் கிளைக் கணினியும் சென்னைக் கணினியும் ஒரே பொது ஐபியில்தான் தெரியும். விளைவாக இரண்டும் கிளை இணைப்பின் மேலேயே கோப்புத் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். எந்த இணைப்பைக் காப்பாற்ற இதை வைத்தோமோ அதே இணைப்பை இது தின்னும். டெலிவரி ஆப்டிமைசேஷனின் பதிவிறக்க முறையைக் குரூப் முறையான 2க்கு மாற்றி, கான்ஃபிகரேஷன் மேனேஜரில் கணினிகளை இடவாரியாகத் தொகுக்கும் பவுண்டரி குரூப்பையே குரூப் அடையாளமாகப் பயன்படுத்தும் கிளையண்ட் அமைப்பை இயக்குங்கள். பவுண்டரி குரூப்கள் உண்மையாகவே கிளை வாரியாகப் பிரிந்திருக்கின்றனவா என்று அதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மாற்றிய பிறகு ஒரே கிளையில் இரண்டு கணினிகளை எடுத்து, முதல் கணினியில் பதிவிறக்கம் முடிந்த பின் இரண்டாவதில் தொடங்குங்கள். இரண்டாவதில் பவர்ஷெல்லின் டெலிவரி ஆப்டிமைசேஷன் ஸ்டேட்டஸ் கட்டளையை இயக்கினால், எச்டிடிபி வழியாக வந்த பைட்டுகளையும் சக கணினிகளிடமிருந்து வந்த பைட்டுகளையும் தனித்தனியே காட்டும். சக கணினிப் பக்கம் பூஜ்யமாக இருந்தால் 7680, ரேம், குரூப் அடையாளம் என்ற வரிசையில் தேடுங்கள். மீதி 38 கணினிகளை அதுவரை தொட வேண்டாம்.