பிள்ளையைக் கட்டித் தூக்கும் துணி: குமரிக்குப் போகிறவர்கள் எதைக் கொண்டுபோகலாம்?

முதல் தடவை மகனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனபோது அவனுக்கு ஏழு மாதம். இங்கிலாந்துக் குளிரில் பழகிப்போன, கம்பளி கலந்த ராப் (பிள்ளையை உடம்போடு சேர்த்துச் சுற்றிக் கட்டும் நீளத் துணி) ஒன்றைக் கொண்டுபோனேன். நீளம் 4.6 மீட்டர். திருவனந்தபுரம் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது, இது இந்த ஊருக்கான துணி இல்லை என்று. மறுநாள் தக்கலையில் அம்மா வீட்டில் வேலைக்கு வரும் அக்கா, என் மேல் உள்ள பிரியத்தில், அதைப் பார் சோப்புப் போட்டு அலக்குகிற கல்லில் நன்றாக அடித்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயப்போட்டிருந்தார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் சுருங்கி, சாக்கு மாதிரி விறைத்து நின்றது. அவரைச் சொல்லி என்ன? கம்பளியைக் குமரி மாவட்டத்துக்குக் கொண்டுபோனவள் நான்.

அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்தாயிற்று. இப்போது பெட்டியில் வைப்பது இரண்டே துணி: 2.7 மீட்டரில் மெல்லிய பருத்தி ராப் ஒன்று, ரிங் ஸ்லிங் (முனையை இரண்டு வளையத்தில் கோத்து இறுக்கி, ஒரு தோளில் மாட்டும் துணி) ஒன்று. ஏன் என்று சொல்கிறேன்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருக்கும். வெயிலை விடப் புழுக்கம்தான் பிள்ளையைப் படுத்தும். அதனால் முழுப் பருத்தி, இல்லையென்றால் பருத்தியோடு கொஞ்சம் லினன். ராப் விற்பவர்கள் ஜிஎஸ்எம் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 180 முதல் 220 வரை நம் ஊருக்குச் சரி. 280, 300 என்றால் போர்வைதான். 180க்கு ரொம்பக் கீழே போனாலும் வம்பு. பிள்ளை கனமாக இருந்தால் தோளை அறுக்கும். பனியன் துணி மாதிரி இழுபடும் ராப் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதைப் பிள்ளை மேல் மூன்று அடுக்காகக் கட்டியே ஆக வேண்டும்.

இந்த அடுக்குக் கணக்குதான் முக்கியம். எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் முன்பக்கக் குறுக்குக் கட்டில் பிள்ளையின் முதுகில் மூன்று அடுக்குத் துணி வரும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு சட்டை போட்ட மாதிரி. மார்த்தாண்டத்தில் மதியம் இரண்டு மணிக்கு யாராவது பிள்ளைக்கு மூன்று சட்டை போடுவார்களா? ஒற்றை அடுக்குக் கட்டுகள் இருக்கின்றன: முன்னால் கங்காரு கட்டு, முதுகில் ரக் கட்டு, இடுப்பில் ரிங் ஸ்லிங். இவற்றுக்கு நீளத் துணியும் தேவையில்லை. குறுக்குக் கட்டுக்கு நடுத்தர உடம்புக்காரருக்கு ஆறாம் அளவு, அதாவது 4.6 மீட்டர் வேண்டும். ரக் கட்டுக்குப் பலருக்கு இரண்டாம் அளவான 2.7 மீட்டரே போதும். உடம்பு கொஞ்சம் பெருத்தவர்கள் 3.6 மீட்டர் எடுக்கலாம். கட்டும்போது துணி முனை தரையில் புரளாது என்பதுதான் இதில் பெரிய லாபம். மழை பெய்த பேருந்து நிலையத்தில் நீள ராப்பைக் கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும்.

பழகாத கட்டை ஊரில் போய்ப் பழகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சுற்றிலும் எட்டுப் பேர் நின்று யோசனை சொல்வார்கள். கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கட்டிப் பழகுங்கள்.

சரி, ஊரிலேயே துணி வாங்கிக் கட்டினால் என்ன? எனக்கும் அந்த ஆசை வந்தது. விமான நிலையத்திலிருந்து நாகர்கோவில் வரும் வழியில்தான் பாலராமபுரம், கைத்தறிக்குப் பேர் போன ஊர். எட்டு முழ வேட்டி கணக்குப்படி சுமார் 3.6 மீட்டர். ராப்பில் நாலாம் அளவும் அதேதான்! மகிழ்ச்சியோடு ஒன்று வாங்கிக் கட்டிப் பார்த்தேன். மூன்று இடத்தில் இடித்தது. முதலாவது, அகலம். ராப் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் இருக்கும்; வேட்டி அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். மிச்சத் துணி பிள்ளையின் கழுத்துப் பக்கம் குவிந்து முகத்தில் வந்து விழுகிறது. நீளவாக்கில் மடித்தால் அடுக்கு இரண்டாகிவிடுகிறது. இரண்டாவது, நெசவு. ராப் துணியைப் பெரும்பாலும் சாய்வுக்கோடு விழும்படி நெய்வார்கள். நேராக இழுத்தால் அசையாது, மூலைக்கு மூலை இழுத்தால் கொஞ்சம் கொடுத்து, விட்டதும் திரும்பிவிடும். பிள்ளையின் முதுகு வளைவோடு துணி பொருந்துவது அந்தக் கொடுப்பினால்தான். வேட்டியில் ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று சாதா நெசவு. கட்டி அரைமணி நேரத்தில் தளர்ந்து, தோளில் கயிறு மாதிரி திரண்டுவிடும். மூன்றாவது, ஜரிகைக் கரை. பிள்ளையின் தொடையில் அது கோடு போட்டுவிட்டது.

ஆக, வேட்டி, சேலை எல்லாம் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அதுவும் தலை நின்ற பிள்ளைக்கு, இடுப்பில், ஒரு கை தாங்கியபடி. பல தடவை அலக்கி மெத்தென்று ஆன பழைய சேலையைத் தொட்டிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவதற்கு அது ஆகாது. நைந்த இடம் எங்கே என்று கிழிந்த பிறகுதான் தெரியும்.

நல்ல கைத்தறித் துணியில் ரிங் ஸ்லிங் தைக்க விரும்பினால் வளையத்தை வெளியிலிருந்து கொண்டுபோங்கள். ஸ்லிங்குக்கென்றே விற்கும், ஒட்டு இல்லாத அலுமினிய வளையமாக இருக்க வேண்டும். திரைச்சீலை வளையம், பற்றவைத்த இரும்பு வளையம் எல்லாம் பார்க்க அதே மாதிரி இருக்கும், பாரம் தாங்காது. தையல்காரரிடம் பாலியஸ்டர் நூலில் மூன்று வரிசை போடச் சொல்லுங்கள்.

கட்டின பிறகு பார்க்க வேண்டியவை எங்கே போனாலும் ஒன்றுதான். குனியாமலே பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். நெற்றியில் முத்தமிடுகிற உயரத்தில் இருக்க வேண்டும். தாடை நெஞ்சில் படியக் கூடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும். முழங்கால் பிட்டத்தை விட உயரமாக, துணி ஒரு முழங்காலின் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை விரிந்திருக்க வேண்டும். நாலு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையென்றால் இதையெல்லாம் திரும்பத் திரும்பப் பாருங்கள். வெயிலுக்கென்று துணியால் முகத்தை மூடவே கூடாது, குடை பிடியுங்கள். சூடு ஏறுகிறதா என்று பார்க்கப் பிடரியில் கை வைத்தால் போதும். அங்கே வேர்த்து ஒழுகினால் உடனே அவிழ்த்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, தேங்காய் எண்ணெய். பாட்டி காலையில் எண்ணெய் தேய்த்துவிட்ட பிள்ளையைக் குளிப்பாட்டாமல் ஸ்லிங்கில் வைத்தால் மீன் மாதிரி வழுக்கும்.

இனி இடங்கள். கன்னியாகுமரியில் பாறைக்குப் போகும் படகில் பிள்ளையை உடம்போடு கட்டாதீர்கள். உயிர்காப்பு அங்கி தருவார்கள், ராப்புக்கு மேல் அதைச் சரியாகப் போட முடியாது. தண்ணீரில் விழுந்தால் உங்களோடு பிள்ளையும் மாட்டிக்கொள்ளும். கையில் வைத்துக்கொண்டு, இறங்கிய பிறகு கட்டுங்கள். விவேகானந்தர் பாறையில் காற்று பலமாக அடிக்கும், தொங்கும் முனைகளை இடுப்பில் செருகிவிடுங்கள். அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடக்கும்போது இரண்டு கையும் சும்மா இருப்பது பெரிய வசதி.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு ராப்பை விட நல்லது வேறில்லை. தள்ளுவண்டி அந்த மரப்படிகளில் ஏறாது. ஆனால் முன்னால் கட்டுங்கள். நிலைவாசல்கள் தாழ்வு. நீங்கள் குனிந்து நுழைந்தாலும் முதுகில் இருக்கும் பிள்ளையின் தலை உங்கள் தலைக்கு மேலே இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. திங்கட்கிழமை விடுமுறை.

சுசீந்திரத்திலும் பகவதி அம்மன் கோயிலிலும் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் போக வேண்டும். வெறும் நெஞ்சில் கட்டினால் இருவருக்கும் வேர்வையில் ஒட்டும். அங்கே அம்மா கட்டிக்கொள்வது நல்லது. திற்பரப்பு அருவிப் பாறை வழுக்கும், அங்கே ராப்பே வேண்டாம்.

மச்சான் பைக்கோடு வந்து, "துணியிலதான் கட்டியிருக்கேல்லா, ஏறு" என்பான். ஏறாதீர்கள். நாலு வயதுக்குள் உள்ள பிள்ளைக்குப் பாதுகாப்பு வாரும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் வேண்டும் என்று விதியே இருக்கிறது. ராப் அந்த வார் ஆகாது. காரிலும் அப்படித்தான், வாடகைக் கார்களில் பிள்ளை இருக்கையை எதிர்பார்க்க முடியாது, உங்களுடையதைக் கொண்டுபோங்கள்.

கடைசியாகப் பாட்டிமார். முதல் நாளே கேள்வி வரும்: "எதுக்கு மக்களே பிள்ளையக் கட்டிப் போட்டிருக்க? மூச்சு முட்டாதா?" விளக்கம் சொல்லி ஜெயிக்க முடியாது. நான் பாட்டியின் விரலைப் பிடித்து மகனின் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விட்டுக் காட்டினேன். இரண்டு விரல் போனது. "ஆங்" என்றார். மறுநாள் ரிங் ஸ்லிங்கை அவரே கொண்டுவந்து தந்தார், வளையத்தைத் துடைத்து, ஒழுங்காக மடித்து.