முழுநேரமாகக் காதல் கதை எழுத வருகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

இப்போதெல்லாம் எனக்கு வரும் போன்களில் பாதி, எழுத ஆரம்பித்துக் கொஞ்ச நாளே ஆன பெண்களிடமிருந்துதான். ஒருத்தி பாலக்கோடு, ஒருத்தி ஊத்தங்கரை, இன்னொருத்தி எங்கள் காவேரிப்பட்டணத்திலேயே நாலு தெரு தள்ளி. "அக்கா, வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். சரி, எழுதட்டும். ஆனால் நான் எங்கெங்கே தடுக்கி விழுந்தேனோ அங்கேயே வரிசையாக வந்து விழுவதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப் பிழை, பாதியில் ஹீரோ பெயர் மாறுவது இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை வாசகிகளே கமெண்டில் நன்றாகக் கிழித்துச் சொல்லித் தருவார்கள்.

எழுதும் நேரத்தை வீட்டில் சொல்லாமல் இருப்பது

வேலையை விட்ட மறுநாளிலிருந்து நீங்கள் 'வீட்டில்தானே இருக்கிறாள்' ஆகிவிடுவீர்கள். கேஸ் சிலிண்டர் வாங்க, நாத்தனார் பிள்ளையை டியூஷனில் விட, தெருவில் யாருக்குப் பெண் பார்க்க வந்தாலும் பஜ்ஜி போட, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். காலை நாலு மணிக்கு எழுந்து ரெண்டு மணி நேரம் எழுதுகிறேன், அதுவே போதும் என்று பெருமையாக ஆரம்பிப்பீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் முதல் வாரத்திலேயே அந்த நாலு மணி போய்விடும்.

பகலில் ஒரு நேரம் வேண்டும், அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவும் வேண்டும். என் நேரம் பத்திலிருந்து பன்னிரண்டரை. ஒருநாள் நாயகன் மனம் திறக்கிற இடம், வாக்கியம் பாதியில் நிற்கிறது, அத்தை அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறார். ராகிக் களியைக் கிண்ட ஆரம்பித்துவிட்டால் நடுவில் விட முடியாது, கட்டி தட்டிவிடும், ஓடத்தான் வேண்டும். திரும்பி வந்தபோது நாயகன் என்ன சொல்ல வந்தான் என்றே மறந்துவிட்டது. அன்று ராத்திரி அத்தையிடம் நேராகவே சொல்லிவிட்டேன், இனிமேல் களி ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும் என்று. முகம் கொஞ்சம் சுண்டியது. அப்புறம் பழகிவிட்டது.

தினமும் யூடி (ஆன்லைன் தொடரின் அடுத்த பகுதி) போடுவதாக வாக்குக் கொடுப்பது

கொடுக்காதீர்கள். கையில் பத்துப் பதினைந்து எபி, அதாவது அத்தியாயம், இல்லாமல் முதல் எபியைப் போடவே வேண்டாம்.

ஒரே கையெழுத்தில் கதையின் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுப்பது

இதைப் பேச எடுத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

பதிப்பாளர் ஒருவர் போன் செய்வார். கதை பிரமாதம், புத்தகமாகப் போடலாம், இவ்வளவு தருகிறோம் என்பார். அட்டையில் நம் பெயர், லெண்டிங் லைப்ரரியில் நம் புத்தகம், மாமனார் நாலு பேரிடம் காட்ட ஒரு பிரதி என்று மனசு அதற்குள் எங்கோ போய்விடும். வரும் தாளில் 'இக்கதையின் சகல உரிமைகளும்' என்று ஒரு வரி இருக்கும். அந்தச் 'சகல'வில் என்னென்ன அடக்கம் என்று கேட்க வாயே வராது.

எனக்கு அந்தத் தாள் வந்தது ஒரு மே மாதக் கடைசியில், பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். சமையல் மேடையிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வந்த பணம் ஃபீஸுக்கே போதவில்லை. அந்தக் கதை பிறகு மின்நூலாக வந்தது, அதற்கும் பிறகு யூடியூபில் ஆடியோ நாவலாக வந்தது. யாரோ ஒரு பெண்ணின் குரலில் என் நாயகி அழுவதை நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்கிறேன், எனக்கு ஒரு பைசா கிடையாது. போன் போட்டுக் கேட்டால், "அதான் எழுதிக் கொடுத்துட்டீங்களேம்மா" என்றார்கள்.

பதிப்புரிமைச் சட்டம், 1957, அதில் 19-ஆவது பிரிவு. தெரிந்த வக்கீல் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துவிடுங்கள். கையெழுத்துப் போட்ட எழுத்து இல்லாமல் உரிமையை மாற்றிக் கொடுத்ததாக ஆகாது. எத்தனை வருஷத்துக்கு என்று தாளில் இல்லாவிட்டால் 5 வருஷம்தான். எந்த இடத்துக்குள் என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, ஒப்பந்தம் போட்டபோது புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கான உரிமையும், பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தால் ஒழிய, போகாது. இவ்வளவும் நமக்குச் சாதகமாக இருப்பதால்தான் இப்போது வரும் தாள்களில் 'காலவரையின்றி', 'உலகெங்கும்', 'இனி வரப்போகும் அனைத்து வடிவங்களிலும்' என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். இதில் ஒன்றைக் கண்டாலும் பேனாவை மூடி வையுங்கள்.

எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அதாவது உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர வேண்டியது. மாந்தோப்பை சீசனுக்குக் குத்தகை விட்டுப் பழகிய ஊரில் இருந்துகொண்டு, கதையை மட்டும் மண்ணோடு மரத்தோடு கிரயம் பண்ணிக் கொடுக்கிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

'சகல உரிமைகளும்' என்பதை அடித்துவிட்டு, அச்சுப் புத்தகம் மட்டும், தமிழில் மட்டும், 3 வருஷம் என்று எழுதச் சொல்லுங்கள். மின்நூலுக்குத் தனி, ஆடியோவுக்குத் தனி, மொழிபெயர்ப்புக்குத் தனி. கோபித்துக்கொள்வார்களோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் கேட்க ஆரம்பித்த பிறகு கோபித்துக்கொண்டவர்களும் உண்டு, மறுபேச்சில்லாமல் திருத்தி அனுப்பியவர்களும் உண்டு. முதல் வகையோடு வேலை செய்யாமல் போனதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போன மாதம்கூட அந்த ஊத்தங்கரைப் பெண் கையெழுத்துப் போட்டு, கூரியரிலும் அனுப்பிவிட்டு, அப்புறம் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "அக்கா, இது சரிதானே?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

கிண்டில் அன்லிமிடெடில் (சந்தா கட்டி மின்நூல் படிக்கும் அமேசான் சேவை) போட்ட கதையை வேறு தளத்திலும் விட்டுவைப்பது

90 நாள் மின்வடிவம் அங்கே மட்டும்தான் இருக்க வேண்டும். இலவசமாகப் போட்ட எபியும் கணக்கில் சேரும், எடுத்துவிடுங்கள்.

தெரிந்த ஊரைக்கூடப் பார்க்காமல் எழுதுவது

லண்டனில் கதை வைத்துத் தப்பு செய்தால் மன்னித்துவிடலாம். தர்மபுரிக்காரியே ஆடிப்பெருக்கு அன்று, காவிரி கரைபுரண்டு ஓடும்போது, நாயகனையும் நாயகியையும் ஒகேனக்கலில் பரிசல் ஏற்றி அருவிக்குக் கீழே முத்தமிட வைக்கிறாள். நீர்வரத்து கூடினால் பரிசலையும் குளிப்பதையும் நிறுத்திவிடுவார்கள் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தடையையே கதைக்குள் கொண்டுவந்திருந்தால், கரையில் மாட்டிக்கொண்ட ரெண்டு பேரை வைத்து மூன்று எபி ஓட்டியிருக்கலாம். இன்னொருத்தி கதையில் பொங்கலுக்கு ஊருக்கு வந்த நாயகன் தோப்பில் மாம்பழம் பறித்துத் தருகிறான். தை மாதம் நம் பக்கம் மரத்தில் பூதான் இருக்கும். அதுவும் அவன் பறித்தது பெங்களூராவாம், மாங்கூழ் ஃபேக்டரிக்கு லாரி லாரியாகப் போகிற காய். காதலிக்கு ஒரு செந்தூராவாவது கொடுக்கக் கூடாதா?

நாத்தனாரை வில்லியாக்குவது

வேண்டாம். அவர் படிக்கிறார்.

வருமானத்தை மாதச் சம்பளம் மாதிரி நினைப்பது

கிண்டிலில் மார்ச் மாதம் விற்றதும் வாசித்ததும் பணமாகக் கைக்கு வர மே கடைசி ஆகும், சுமார் 60 நாள் இடைவெளி. அதனால் ஜூன் மாத ஃபீஸ் வேண்டுமென்றால் கதை மார்ச்சிலேயே வெளிவந்திருக்க வேண்டும், மார்ச்சில் வர பொங்கலுக்குள் முதல் வரைவு முடிந்திருக்க வேண்டும். ஏப்ரல், மே லீவில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது ஒரு பக்கம்கூட நகராது, மாங்காய் சீசன் வேறு, விருந்தாளி வராத நாள் இருக்காது. நான் அந்த ரெண்டு மாதத்தில் புதுக் கதை எதுவும் தொடங்குவதில்லை, பழைய கதைகளுக்குப் பிழை திருத்தம் மட்டும்தான்.