சீலியாக் நோயா? நம் வீட்டுச் சமையலறையில் குளூட்டனை ஒழிப்பது எப்படி

சீலியாக், ஒவ்வாமை அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்துபோகும். அதனால்தான் வயிற்றுப்போக்கும் உப்புசமும் மட்டுமல்ல, எத்தனை மாத்திரை போட்டும் ஏறாத இரத்தம், வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளை, எலும்புத் தேய்மானம் என்றும் வெளிப்படும். சாப்பாடுதான் வைத்தியம், அதுவும் ஆயுளுக்கும்.

படி 1: முதலில் பரிசோதனை, அப்புறம் பத்தியம்

சந்தேகம் வந்ததுமே பலர் சப்பாத்தியை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குளூட்டன் நின்றால் குடல் ஆறத் தொடங்கும், எதிர்ப்பொருளும் குறையும். அதன்பின் எடுக்கும் சோதனையில் நோய் தெரியாமலே போகலாம். வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே, இந்த எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி ஐஜிஏ (tTG-IgA) இரத்தப் பரிசோதனை எடுங்கள். ஐஜிஏ என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. கூடவே அதன் மொத்த அளவும் பார்க்க வேண்டும். அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு முதல் சோதனையை நம்ப முடியாது. பெரும்பாலும் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்குகள் எடுத்து உறுதிசெய்வார்கள். வீட்டில் அரிசிச் சாப்பாடு மட்டும்தான் என்றால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

படி 2: அலமாரியைப் பிரித்து அடுக்குங்கள்

அரிசி, பருப்பு வகைகள், கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, ஜவ்வரிசி எல்லாம் இயல்பிலேயே குளூட்டன் இல்லாதவை. ஆட்டா, மைதா, ரவை, சேமியா போக வேண்டும். சம்பா ரவையும் போக வேண்டும். பேரில் சம்பா இருந்தாலும் அது கோதுமைதான். ராகி சேமியா பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் கோதுமை கலந்திருக்கும். மால்ட் சேர்த்த சத்துபானங்கள் பார்லியிலிருந்து வருபவை. பிள்ளைகளுக்குத் தினமும் ஆற்றிக் கொடுப்பதால் இதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

படி 3: பெருங்காயமும் மாவு மில்லும்

நம் ஊரில் பத்தியம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கடையில் கிடைக்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்த்திருப்பார்கள். கட்டி என்றால் சுத்தம் என்பதும் தவறு, கட்டியிலும் மாவு உண்டு. அரிசி மாவு சேர்த்தது என்று அச்சிட்டதைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் பூண்டு தட்டிப் போடுங்கள்.

மில்லில் உங்களுக்கு முன் ஒருவர் கோதுமை அரைத்திருந்தால், கல்லிடுக்கில் தங்கிய மாவு உங்கள் கேழ்வரகோடு சேர்ந்தே விழும். உள்ளே போகும் குளூட்டன் ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் குடல் கெடாது. ஆனால் ஒரு கிராம் மைதாவிலேயே ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன்! தானியத்தைக் கழுவி உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். பாக்கெட் மாவு வாங்கினால் குளூட்டன் இல்லாதது என்ற அறிவிப்பைப் பாருங்கள். இந்திய விதிப்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

படி 4: பாத்திரம்

சப்பாத்திக் கட்டை, சல்லடை, தோசைக்கல், மரக்கரண்டி இவற்றைத் தனியாக வையுங்கள். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்காதீர்கள், சூட்டில் குளூட்டன் அழியாது.

படி 5: உடையாத கேழ்வரகு ரொட்டி

குளூட்டன்தான் மாவை இழுபடவைக்கும் பசை. அது இல்லாததால் பச்சைத்தண்ணீரில் பிசைந்த மாவு விரிசல்விடும். ஒரு கப் மாவுக்கு முக்கால் முதல் ஒரு கப் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறி 10 நிமிடம் மூடுங்கள். மாவுச்சத்து வெந்து பிடிப்பு வரும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டிப் போடுங்கள். ஓரம் விரிந்தால் ஈரக்கையால் அழுத்திவிடுங்கள்.

வெளியே சாப்பிடும்போது

இட்லி ஓரளவு பத்திரம், சாம்பாரில் பெருங்காயம் இருக்கும். தோசை வேண்டுமென்றால் அந்தக் கல்லில் பரோட்டா போடுகிறார்களா என்று கேளுங்கள். கோயில் கேசரி, தேவாலய நற்கருணை அப்பம் இரண்டும் கோதுமைதான். மாத்திரைகளில்கூடக் கோதுமை மாவுச்சத்து இருக்கக்கூடும், மருந்துக் கடையில் விசாரியுங்கள்.

ஆறு மாதம் கழித்து டிடிஜியைத் திரும்பப் பாருங்கள். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். டிடிஜி குறையவே இல்லையென்றால், நோய் முற்றிவிட்டது என்று பயப்படும் முன் அஞ்சறைப்பெட்டியையும் மாவு டப்பாவையும் இன்னொரு முறை திறந்து பாருங்கள்.