ஸ்டார் ஹோட்டல் செக்யூரிட்டில அடிக்கடி நடக்குற தப்புங்க

பெரிய ஹோட்டல் எதுக்குள்ளயாச்சும் போய் பாருங்க, வாசல்லயே டிக்கிய திறக்க சொல்வாங்க, வண்டிக்கு அடியில கண்ணாடிய விட்டு ஒரு சுத்து, அப்புறம் மெட்டல் டிடெக்டர், அது கீ கீன்னு கத்தும், பாக்கெட்ல என்னன்னு கூட கேக்காம "போங்க சார்"னு ஒரு சல்யூட். கத்துனதுக்கு அப்புறமும் பாக்க மாட்டோம்னா அந்த மெஷின் எதுக்கு? கெஸ்ட்டுக்கு எரிச்சல் மிச்சம், பாதுகாப்பும் இல்ல.

இருக்குறதுலயே பெரிய தப்பு, காசு, ஆளு எல்லாத்தையும் முன்வாசல்ல கொட்டுறதுதான். 2008 நவம்பர்ல மும்பை தாஜ் ஹோட்டல்ல தாக்குதல் நடந்தப்போ, அந்த ஹோட்டல் இருக்குற டாடா குழுமத்தோட தலைவரா இருந்த ரத்தன் டாடாவே பேட்டில சொன்னாரு, நம்ம ஏற்பாடெல்லாம் முன்னாடி இருந்துச்சு, அவங்க பின்பக்கமா வந்தாங்கன்னு. முன்னாடியே எச்சரிக்கை வந்து கொஞ்ச நாள் டைட் பண்ணி, அப்புறம் தளர்த்தியும் இருக்காங்க. அடுத்த வருஷமே, 2009 ஜூலை 17, இந்தோனேசியா ஜகார்த்தால ஜே டபிள்யூ மேரியட், ரிட்ஸ் கார்ல்டன் ரெண்டு ஹோட்டல்லயும் குண்டு வெடிச்சுது. உள்ளுக்குள்ள இருந்து உதவி பண்ணது அங்கயே பூ அலங்காரம் பண்ணிட்டு இருந்த ஆளு, குண்டு சாமானெல்லாம் சரக்கு இறக்குற வழியாவே உள்ள போயிருக்கு. அதனால காய்கறி வண்டி, லாண்டரி, பூக்காரர், பாங்க்வெட் விருந்துக்கு ஒரு நாள் கூலிக்கு வர்ற காண்ட்ராக்ட் பசங்க, இங்கதான் ஐடி கார்டு, பை செக்கிங் எல்லாம் கறாரா இருக்கணும். இங்க எவ்ளோ கறாரா இருந்தாலும் ஒரு கெஸ்ட் கூட முகம் சுளிக்கப் போறதில்ல, அதுதான் இதுல இருக்குற லாபமே.

அடுத்தது ஆள பாத்து எடை போடுறது. தாடி வச்சவர தனியா நிறுத்தி துருவுறது, கோட் போட்டு பெரிய கார்ல வந்தா அப்படியே விடுறது. 2019 ஈஸ்டர் அன்னைக்கு கொழும்புல ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூணு ஹோட்டல்லயும் வெடிச்சுதே, அதுல தற்கொலை குண்டுதாரிங்கள்ல ரெண்டு பேரு மசாலா ஏற்றுமதி பண்ற கோடீஸ்வரர் வீட்டு பசங்க. சினமன் கிராண்ட்ல ஒருத்தன் முந்தின நாளே ரூம் எடுத்து தங்கி, காலைல பஃபே க்யூல தட்டோட நின்னுருக்கான். யாரா இருந்தாலும் ஒரே செக்கிங்தான்னு வச்சா யாருக்கும் அவமானமும் இல்ல. ஓனரோட ஃப்ரெண்டு, எம்எல்ஏன்னு விதிவிலக்கு குடுக்க ஆரம்பிச்சா வாசல்ல நிக்குறவர் அப்புறம் யாரையுமே நிறுத்த மாட்டாரு.

டூ நாட் டிஸ்டர்ப் போர்டு தொங்குனா நாள் கணக்குல கதவையே தட்டாம இருக்குறதும் தப்பு. 2017 அக்டோபர்ல அமெரிக்கா லாஸ் வேகாஸ் மாண்டலே பே ஹோட்டல் 32ஆவது மாடில இருந்து கீழ கச்சேரி பாத்துட்டு இருந்த கூட்டத்த சுட்டவன், சில நாள்லயே துப்பாக்கிங்களோட இருபதுக்கும் மேல பெட்டிய ரூமுக்கு ஏத்திருக்கான், பெல் பாய்ங்களே உதவி பண்ணிருக்காங்க. அந்த வருஷ கடைசில டிஸ்னி வேர்ல்டு ஹோட்டல் சிலதுல அந்த போர்டையே எடுத்துட்டு ரூம்ல ஆளு இருக்காங்கன்னு மட்டும் சொல்ற போர்ட மாட்டுனாங்க. செக்கின் பண்ணும்போதே "டெய்லி ஒருவாட்டி எங்க ஆளு வந்து பாப்பாங்க சார், உங்களுக்கு எந்த நேரம் வசதி?"னு கேட்டுட்டா பிரச்சனையே இல்ல, தண்ணி பாட்டில், டவல் வைக்கிற சாக்குல போய் பாத்துட்டு வந்துடலாம்.

ஃப்ரண்ட் ஆபீஸ்ல நாலு பேர் காதுல விழற மாதிரி "மேடம் உங்க ரூம் 512"ன்னு சொல்றது இன்னும் நிக்கல, கார்டு கவர்ல எழுதி விரல்ல காட்டுனா போதும். சாவி தொலைஞ்சிடுச்சுன்னு யாரோ வந்து பேர் சொன்னதும் புது கார்டு போட்டு குடுக்குறது அதுக்கும் மேல, ஐடி கேட்டா எந்த கெஸ்ட்டும் கோச்சுக்க மாட்டாங்க.

கேமராவும் அப்படித்தான், இத்தனை வச்சிருக்கோம்னு பெருமை அடிப்பாங்க. 2010 ஜனவரில துபாய் ஹோட்டல்ல பாலஸ்தீன ஹமாஸ் இயக்கத்துக்காரர் ஒருத்தர ரூம்லயே கொன்னாங்க, டென்னிஸ் டிரெஸ்ல ரெண்டு பேரு அவர் கூடவே லிஃப்ட்ல ஏறி ரூம் எதுன்னு பாத்துட்டு போனது வரைக்கும் கேமரால பதிவாயிருக்கு, ஆனா மறுநாள்தான் விஷயமே தெரிஞ்சுது. ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருக்கவர் பன்னெண்டு மணி நேர ட்யூட்டின்னா அவர் கண்ணும் சொருகத்தான் செய்யும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி ஆள மாத்தி விடுங்க.