கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனா: களத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையுச்சியிலிருந்து தூரத்து ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) பிடிக்கவும், செயற்கைக்கோள் வழியாகப் பேசவும், மறைத்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் ஃபாக்ஸ் ஹன்ட்டுக்கும் ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) தூக்கிப் போவது மூன்று முதல் ஏழு எலிமென்ட் (குறுக்குக் கம்பி) வரை உள்ள யாகி, அதாவது ஒரே திசையை நோக்கும் ஆன்டெனா. வாங்கும்போது எல்லோர் கண்ணும் பெட்டியில் போட்டிருக்கும் கெயின் (ஒரு திசையில் சிக்னலை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு) எண்ணில்தான் இருக்கும். ஆனால் களத்தில் காலை வாருவது பெரும்பாலும் ஆன்டெனாவோடு சேர்த்து மாட்டும் சமாச்சாரங்கள்: கேபிள், கனெக்டர், கம்பம்.

கெயினைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். நன்றாகச் செய்த மூன்று எலிமென்ட் யாகி சுமார் 7 டிபிஐ (கெயினின் அலகு) தரும். அதே அளவு ஆன்டெனாவுக்கு 10, 11 என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். கெயினைத் தீர்மானிப்பது பூமின் (எலிமென்ட்டுகளைத் தாங்கும் நடுத்தண்டு) நீளம்.

நம் பேண்டுக்கு வெட்டாத எலிமென்ட்

இந்த யாகிகளுக்கு இந்தியாவில் ஹாம்கள் பயன்படுத்துவது 144–146 மெகாஹெர்ட்ஸும் (இரண்டு மீட்டர் பேண்ட்) 434–438 மெகாஹெர்ட்ஸும் (70 சென்டிமீட்டர் பேண்ட்). அமெரிக்க அளவுப்படி செய்த யாகிகள் பல 146, 446 மெகாஹெர்ட்ஸை ஒட்டி டியூன் ஆகியிருக்கும். இரண்டு மீட்டர் பேண்டில் இதைச் சமாளிக்கலாம். 70 சென்டிமீட்டரில் முடியாது. முன்பக்க கெயினும் பின்பக்கச் சிக்னலை அடக்கும் திறனும் சேர்ந்தே கெடும்.

வீட்டில் செய்பவர்கள் சறுக்குவதும் இந்த பேண்டில்தான். 435 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 34.5 செ.மீ. அதில் 3 மி.மீ. பிசகினால் டியூனிங் 4 மெகாஹெர்ட்ஸ் வரை நகரும். நமக்குக் கிடைத்த பேண்டின் மொத்த அகலமே அவ்வளவுதான். 145-இல் அதே 3 மி.மீ. அரை மெகாஹெர்ட்ஸைக்கூடத் தாண்டாது. எலிமென்ட்டை உலோக பூமுக்குள் நேரடியாகச் செருகினால் அதன் மின்நீளம் குறைந்துவிடும். பிவிசி பூமுக்கான அளவை அப்படியே அலுமினிய பூமுக்கு எடுக்கக் கூடாது. ஸ்டீல் அளவு டேப்பை வெட்டிச் செய்கிறீர்கள் என்றால், ஈயம் பற்றவைக்கும் இடத்தில் பெயின்டை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து எடுங்கள். பெயின்ட்டின் மேல் வைத்த ஈயம் ஒட்டியதுபோல் இருந்து, மலையேறும்போது உதிரும்.

எஸ்டபிள்யூஆர் மீட்டர் சொல்லும் பொய்

இந்தப் பட்டியலில் அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். எஸ்டபிள்யூஆர் என்பது ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு; 1-ஐ நெருங்கினால் நல்லது. ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் இருந்தால் 435 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 4 டெசிபெல் விழுங்கும். ஹேண்டி (கையடக்க ரேடியோ) 5 வாட் கொடுத்தால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 2 வாட். வரும் சிக்னலிலும் அதே இழப்பு உண்டு.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆன்டெனாவில் எஸ்டபிள்யூஆர் உண்மையில் 3 என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வரும் அலையையும் கேபிள் விழுங்குவதால் ரேடியோ பக்கம் உள்ள மீட்டர் சுமார் 1.5 காட்டும். ‘மேட்ச் அருமை’ என்று நினைத்து நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்போம், எதிர்முனையில் யாருக்கும் கேட்காது. நானோவிஎன்ஏவோ (ஆன்டெனாவை அளக்கும் சிறிய கருவி) மீட்டரோ, ஆன்டெனாவை ஒட்டி அரை மீட்டர் கேபிளில் மாட்டி அளக்க வேண்டும். ஆன்டெனா தரையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் உயரத்தில், கார், இரும்பு கேட் எதையும் ஒட்டாமல் இருக்கட்டும். தரையில் கிடத்தி அளந்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கையில் பிடிக்கும் ஆன்டெனாவுக்கு 2 மீட்டர் கேபிள் போதும். கம்பத்தில் ஏற்ற 10 மீட்டர் கட்டாயம் தேவை என்றால் எல்எம்ஆர்-240 என்ற இழப்பு குறைந்த கேபிளை எடுங்கள். 435-இல் இழப்பு 2 டெசிபெல்லுக்குள் நிற்கும், சுருட்டி எடுத்துப் போகவும் முடியும். எல்எம்ஆர்-400 இன்னும் நல்லது, ஆனால் தோளில் சுமக்கிற ஆளுக்கு அது பாரம்.

கம்பமும் தொங்கும் கேபிளும்

எஃப்எம் ரிப்பீட்டர்கள் செங்குத்து போலரைசேஷனில் (அலை மேலும் கீழுமாக அதிரும் வாட்டில்) இயங்குகின்றன. எலிமென்ட்டுகள் படுக்கை வாட்டில் இருக்க யாகியைப் பிடித்தால் 20 டெசிபெல் வரை போய்விடும். மொத்த கெயினையும் அதற்குமேலும் இழந்தாயிற்று. இது பலருக்குத் தெரியும். அடுத்தது தெரியாது: செங்குத்தாகத் திருப்பிய யாகியின் பூமை நடுவில் இரும்புக் கம்பத்தில் கட்டினால், கம்பம் எலிமென்ட்டுகளுக்கு இணையாக நின்று தானும் ஒரு எலிமென்ட்டாகிவிடும். டியூனிங்கும் திசையும் இரண்டுமே கெடும். பூமை ரிஃப்ளெக்டருக்கு (பின்கோடி எலிமென்ட்) பின்னால் நீட்டி அங்கே கட்டுங்கள். இல்லையென்றால் மேல் பகுதிக்கு மட்டும் காய்ந்த மூங்கிலோ ஃபைபர் கம்பமோ போடுங்கள்.

கேபிளுக்கும் இதே விதிதான். டிரிவன் எலிமென்ட்டிலிருந்து (கேபிள் இணையும் எலிமென்ட்) நேராகக் கீழே தொங்கவிடாமல், பூமோடு சேர்த்துக் கட்டி ரிஃப்ளெக்டரைத் தாண்டிய பிறகு இறக்க வேண்டும். ஃபீட் பாயின்ட்டை (கேபிள் இணையும் இடம்) ஒட்டியே 43 வகை ஃபெரைட் மணிகள் நான்கைந்து கோத்துவிட்டால், கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் கரன்ட் அடங்கும். கேபிளைத் தொட்டதும் எஸ்டபிள்யூஆர் மாறினால் அந்த கரன்ட் இருக்கிறது என்று அறியலாம்.

கனெக்டர்

சீன ஹேண்டிகள் பலவற்றில் ரேடியோ பக்கம் எஸ்எம்ஏ (சிறிய மரைக் கனெக்டர்) ஆண் வகை, வேறு பல பிராண்டுகளில் பெண் வகை. வைஃபை ரவுட்டரில் வரும் ஆர்பி-எஸ்எம்ஏவும் பார்க்க அப்படியே இருக்கும், மரை கூட ஏறும்; நடு ஊசி மட்டும் தொடாது. மாட்டும் முன் ஊசியைக் கண்ணால் பாருங்கள். தடித்த கேபிளை ஹேண்டியின் எஸ்எம்ஏவில் நேரடியாகத் தொங்கவிட்டால், உள்ளே போர்டில் பற்றவைத்த இடம் விரிசல் விடும். 30 செ.மீ. ஆர்ஜி-316 துண்டில் ஒரு பக்கம் எஸ்எம்ஏ, மறுபக்கம் பிஎன்சி வைத்து இடையில் போடுங்கள். அடாப்டர் மேல் அடாப்டராக மூன்று கோப்பதை விட இந்த ஒரு துண்டு மேல்.

மழை, பனி உள்ள இடத்தில் கனெக்டரை வெறும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றுவது வீண். வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

செயற்கைக்கோளுக்குத் திருப்பும்போது

சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் இயங்கும் நேரத்தில் 145.990 மெகாஹெர்ட்ஸில் 67 ஹெர்ட்ஸ் டோனுடன் (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த ஒலி) அனுப்பி 437.800 மெகாஹெர்ட்ஸில் கேட்க வேண்டும். 145.990-இன் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அலைவரிசை) 437.970. ஆக, நம் டிரான்ஸ்மிட்டரே நம் ரிசீவரை அடைத்துவிடும். இரண்டு பேண்ட் யாகியின் இரு கேபிள்களை வெறும் ‘டி’ கனெக்டரில் இணைக்காமல் டைப்ளெக்சர் (இரு பேண்டுகளையும் பிரிக்கும் வடிகட்டி) வழியாக இணைக்க வேண்டும். கேட்கும் அலைவரிசையை ஒரே இடத்தில் வைத்திருப்பதும் தவறு. டாப்ளர் விளைவு (நிலையம் நகர்வதால் அலைவரிசை மாறுவது) காரணமாக நிலையம் எழும்போது 437.810-ஐ ஒட்டியும், மறையும்போது 437.790-ஐ ஒட்டியும் கேட்கும். 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து மெமரி சேனல் முன்கூட்டியே போட்டு வையுங்கள். திசை 10 டிகிரி விலகினால் சிறிய யாகியில் பெரிதாகத் தெரியாது. மணிக்கட்டைத் திருப்பி போலரைசேஷனை மாற்றிப் பார்ப்பதில்தான் சிக்னல் ஏறும், இறங்கும்.

ஃபாக்ஸ் ஹன்ட்டில் நேர் எதிர்ச் சிக்கல்: கிட்டே போனதும் மீட்டர் எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுதாக நிற்கும். அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் கருவி) இல்லையென்றால் 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்து பாருங்கள்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மேலே பாருங்கள். கம்பமும் ஆன்டெனாவும் சேர்ந்த உயரத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி இருந்தால் அங்கே கம்பம் தூக்கக் கூடாது. அது சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். இடிச்சத்தம் காதில் விழுந்தவுடன் கேபிளைக் கழற்றிவிட்டு உச்சியிலிருந்து இறங்கிவிடுங்கள்.